இரவு ஷிப்டில் கண்ணைப் பார்க்கும் கேமரா: உண்மையில் எதை அளக்கிறது?

#1 சி_ஷிப்ட்

வணக்கம். அனல்மின் நிலையம் ஒன்றின் யூனிட் கண்ட்ரோல் ரூமில் டெஸ்க் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் இடத்தில் மானிட்டருக்கு அடியில் சின்ன கேமரா வைத்து ஒரு சோதனை ஓட்டம் தொடங்கப் போகிறார்கள். இமை, பார்வை போகும் திசை, தலை சாய்வு எல்லாவற்றையும் பார்த்து ஆளுக்கு ஆள் 0 முதல் 100 வரை ‘கவன மதிப்பெண்’ போடுமாம். 60க்குக் கீழே இறங்கினால் ஷிப்ட் இன்சார்ஜ் மேஜையில் மணி அடிக்கும்.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிட் நிலையாக ஓடும் இரவில் பெரிதாக எதுவும் நடக்காது. டிரம் லெவல் (பாய்லர் டிரம்மின் நீர்மட்டம்), ஃபர்னஸ் டிராஃப்ட் (உலைக்குள் இருக்கும் அழுத்தம்), பேரிங் வெப்பநிலை என்று டிரெண்டுகளை, அதாவது திரையில் ஓடும் வரைகோடுகளை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் யாரும் கவனிப்பார்கள். அலாரத்துக்கு முன்பே மெதுவாக ஏறும் கோட்டைப் பிடிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கண் அசைவை வைத்து ஒருவரின் கவனம் குறைவதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் எந்த அசைவை வைத்து? சங்கத்தில் எதிர்க்கலாம் என்கிறார்கள். எதை எதிர்க்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்லை.

#2 விழித்திரை

ஆப்டோமெட்ரி (பார்வைப் பரிசோதனை) படித்து, கண் அசைவைப் பதிவு செய்யும் ஆய்வகத்தில் சில காலம் இருந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வேறு, கவனக் குறைவு வேறு. இந்த இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பிரச்சினை. தூக்கத்தைக் கண் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். அதற்கு அதிகம் சோதிக்கப்பட்ட அளவு ‘பெர்க்ளோஸ்’. குறிப்பிட்ட நேரத்துக்குள், கண்மணியை இமை 80 சதவீதமோ அதற்கு மேலோ மூடியிருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் வால்டர் வியர்வில் குழு 1994இல் வகுத்தது. பிறகு 1998இல் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக டேவிட் டிங்கஸ் குழு, தூங்கவிடாமல் வைத்திருந்தவர்களிடம் பல கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அவர்கள் உரைகல்லாக வைத்தது 10 நிமிடச் சோதனை ஒன்று. திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அரை நொடிக்கு மேல் தாமதித்தால் அது தவறல். இந்தத் தவறல்களோடு மற்ற கருவிகளைவிட பெர்க்ளோஸ்தான் நன்றாக ஒத்துப்போனது.

இதோடு சேர்த்துப் பார்ப்பவை இன்னும் உண்டு. இமைத்தல் நீளும், குறிப்பாக மூடிய இமை திறக்கும் வேகம் மந்தமாகும். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது (சாக்கேட் என்பார்கள்) அதன் உச்ச வேகம் குறையும். ஒவ்வொரு தூரத் தாவலுக்கும் கண்ணுக்கென்று ஒரு வேகம் உண்டு. அதே தூரத்தை மெதுவாகத் தாண்டினால் களைப்பு என்று பொருள். தூக்கத்தின் வாசலில் கண் பக்கவாட்டில் மெல்ல உருளத் தொடங்கும். இருட்டில் விரிந்திருக்க வேண்டிய கண்மணி நிலைகொள்ளாமல் அலை அலையாகச் சுருங்கி விரியும்.

ஆக, தூங்கப் போகிறவரைப் பிடிக்க முடியுமா என்றால், முடியும்.

#3 லோகோக்காரன்

ரயில் எஞ்சினில் விஜிலன்ஸ் கண்ட்ரோல் கருவி இருக்கிறது. ஒரு நிமிடம் வரை டிரைவர் எந்தக் கன்ட்ரோலையும் தொடவில்லை என்றால் விளக்கு மின்னும், அடுத்து பஸ்ஸர், அப்புறமும் அசைவில்லை என்றால் பிரேக் விழும். நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கையைத்தான் கேட்கிறது, தலையை அல்ல. பழகிய கை பாதித் தூக்கத்திலும் பொத்தானை அழுத்திவிடும். கண் கேமரா அந்த ஓட்டையையாவது அடைக்கும் இல்லையா?

#4 விழித்திரை

@லோகோக்காரன், அடைக்கும். கையைப் பழக்கலாம், இமையைப் பழக்குவது கஷ்டம்.

#5 பிக்சல்பித்தன்

வாகனங்களுக்கான கேமரா மென்பொருள் எழுதுவது என் தொழில். விழித்திரை சொன்ன பட்டியலில் எது எது மலிவான கேமராவில் கிடைக்கும் என்று சொல்கிறேன். விற்க வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சாதாரணக் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும். படத்துக்குப் படம் 33 மில்லி நொடி. ஓர் இமைப்பு சுமார் 100 முதல் 400 மில்லி நொடி நீடிக்கும், அதாவது 3 முதல் 12 படங்கள். போதும், பெர்க்ளோஸ் கணக்குப் போடலாம். ஆனால் 10 டிகிரி கண் தாவல் சுமார் 45 மில்லி நொடியில் முடிந்துவிடும். ஒன்று அல்லது இரண்டு படம். அதில் உச்ச வேகத்தை எங்கே போய்த் தேடுவது? ஆய்வகங்களில் நொடிக்கு 500, 1000 படம் எடுக்கும் கருவிகள் வைத்திருப்பது இதற்காகத்தான். 30 படக் கேமராவை வைத்துக்கொண்டு ‘சாக்கேட் வேகம்’ என்று யாராவது பிரசுரத்தில் போட்டிருந்தால் அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

கண்மணி அளவு இன்னும் மோசம். மன உழைப்புக்கு ஏற்ப கண்மணி விரியும் என்பது உண்மை. உளவியல் ஆய்வாளர்கள் கானமனும் பீட்டியும் 1966இல் காட்டினார்கள்: நினைவில் வைக்கச் சொன்ன இலக்கங்கள் கூடக்கூட கண்மணி விரிந்தது. ஆனால் அந்த மாற்றம் அரை மில்லிமீட்டர் அளவில் நடக்கும் சமாச்சாரம். வெளிச்சத்துக்கோ கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை போகும். ஆபரேட்டர் கறுப்புப் பின்னணி டிரெண்டிலிருந்து வெள்ளைப் பின்னணி எக்செல் ஷீட்டுக்குத் திரும்பினாலே மொத்தக் கணக்கும் அடிபட்டுப் போகும்.

#6 சி_ஷிப்ட்

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் என் பயம் தூக்கம் பற்றியது அல்ல. எங்களில் யாராவது கண்ணசந்தால் பக்கத்து டெஸ்க்காரர் தட்டி எழுப்பிவிடுவார். நான் கவலைப்படுவது வேறு. கண் நன்றாகத் திறந்திருக்கும், திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், கோடு நகர்வதும் கண்ணில் படும். ஆனால் மனதில் ஏறாது. பத்து நிமிடம் கழித்து ‘இது எப்போது ஏறியது?’ என்று நாமே கேட்போம். இதை அந்தக் கேமரா பிடிக்குமா?

#7 விழித்திரை

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் கேள்வி இரண்டாம் உலகப்போர்க் காலத்தது.

நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். காரணம் கண்டுபிடிக்கும் வேலை கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த்திடம் வந்தது. அவர் எண்களே இல்லாத ஒரு வெள்ளைக் கடிகாரம் செய்தார். முள் நொடிக்கு ஒரு தரம் நகரும், 100 தாவலில் ஒரு சுற்று. எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவலாகத் தாவும். அதைக் கண்டால் சாவியை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணியில் சுமார் 15 சதவீதம் தவறியது. அடுத்த அரை மணியிலேயே அது நாலில் ஒன்றைத் தாண்டியது, அதற்குப் பிறகு ஏறியது கொஞ்சம்தான். 1948இல் வெளியானது. சரிவு முதல் அரை மணிக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதிகாலை மூன்று மணி வரை காத்திருக்கத் தேவையில்லை, பகலிலும் இதே கதைதான்.

அதே மேக்வொர்த் பிறகு அமெரிக்காவில் கண் அசைவைப் பதிவு செய்யும் கேமராவோடு இந்தக் கேள்விக்கே திரும்பி வந்தார். 1964இல் காப்லான், மெட்லே இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. தவறவிட்ட சிக்னல்களில் பலவற்றின் மேல் ஆட்களின் பார்வை நேராகவே இருந்திருக்கிறது. பார்த்தார்கள், காணவில்லை.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பார்வை எங்கே இருந்தது என்பதை வைத்து அந்த நிலையைப் பிடிக்க முடியாது. கண் ஓரிடத்துக்குப் போகவே இல்லை என்றால் அங்கே நடந்ததை அவர் கவனிக்கவில்லை என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். கண் போனது என்பதால் கவனித்தார் என்று சொல்ல முடியாது. இந்தச் சாட்சியம் ஒரு பக்கத்துக்குத்தான் செல்லும். கவன மதிப்பெண் போடுகிறவர்கள் இரண்டு பக்கத்துக்கும் செல்லும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

#8 ஸ்கேன்_டாக்டர்

ரேடியாலஜி துறையிலிருந்து ஒரு சேர்க்கை. 2013இல் ட்ரூ, வோ, வுல்ஃப் மூவரும் 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சிடி படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லா உருவத்தைப் பதித்திருந்தார்கள், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிது. 20 பேர் பார்க்கவில்லை. கண் பதிவைப் பார்த்தால் அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது. எங்கள் துறையில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை, ஆனால் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிடும்.

#9 பிக்சல்பித்தன்

@ஸ்கேன்_டாக்டர், ஆனால் டாக்டர், அது களைப்பு அல்லவே? அவர்கள் முழு விழிப்போடுதான் இருந்தார்கள். வேறொன்றைத் தேடியதால் கொரில்லா தெரியவில்லை. நேரம் ஆக ஆகக் கவனம் சரிவது தனி விஷயம்.

#10 ஸ்கேன்_டாக்டர்

சரிதான், பொறிமுறை வேறு. கண் விழுவதும் காண்பதும் ஒன்றல்ல என்பதற்கு மட்டும்தான் சொன்னேன். சி_ஷிப்ட் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது வேறொன்று. அதே ஜெரமி வுல்ஃப் குழு 2005இல் செய்த தேடல் சோதனை. பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது தவறியது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறியது 30 சதவீதம். அதே ஆட்கள், அதே மாதிரிப் படங்கள்தான். ‘இருக்காது’ என்று மூளை முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. இரவு முழுக்க எதுவும் நடக்காத கண்ட்ரோல் ரூமில் அந்த விகிதம் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#11 மேற்பார்வை55

ஓய்வு பெற்ற ஷிப்ட் இன்சார்ஜ் பேசுகிறேன். தம்பிகளா, நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேமராவைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள் போலிருக்கிறது. தூக்கத்தை மட்டும் பிடித்தாலும் லாபம்தானே? விடிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் டெஸ்கில் ஒருவர் சாய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து ஆள் தட்டி எழுப்புவார் என்று சி_ஷிப்ட் தம்பி சொல்கிறார். அந்தப் பக்கத்து ஆளும் அதே நேரத்தில்தானே சாய்வார்?

#12 சி_ஷிப்ட்

@மேற்பார்வை55, நீங்கள் சொன்ன கடைசி வரி நியாயம்தான் ஐயா. தூக்கத்துக்கு மணி அடிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் 85 என்று பச்சையாகக் காட்டும்போது யூனிட் டிரிப் ஆகி நின்றுவிட்டால், ‘கவனமாகத்தான் இருந்தாய், பிறகு ஏன் பார்க்கவில்லை’ என்று விசாரணையில் என்னைக் கேட்பார்கள். இல்லாத ஒன்றுக்கு அந்த எண் சாட்சி சொல்லும்.

#13 பிராங்க்ஃபர்ட்_தமிழன்

விமான நிலையத்தில் பெட்டிகளின் எக்ஸ்ரே பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஐரோப்பிய விதி 2015/1998இன்படி வழக்கமாக ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் படம் பார்க்கக் கூடாது. அப்புறம் குறைந்தது 10 நிமிடம் படமே பார்க்கக் கூடாது, பெட்டியைத் திறந்து சோதிப்பது, ஆட்களை வரிசைப்படுத்துவது என்று வேறு வேலைக்குப் போய்விடுவோம்.

இன்னொன்று, உண்மையான பெட்டிப் படத்துக்குள் அவ்வப்போது போலித் துப்பாக்கி, போலி வெடிகுண்டுப் படங்களை மென்பொருளே நுழைக்கும். பிடித்தால் ‘இது போலி’ என்று திரை சொல்லும், விட்டால் கணக்கில் ஏறும். டாக்டர் சொன்ன 1 சதவீதப் பிரச்சினைக்கு இது கொஞ்சம் மருந்து. ‘இன்று ஏதாவது வரும்’ என்ற எதிர்பார்ப்பு அடங்காமல் இருக்கும்.

#14 மேற்பார்வை55

ஓடும் யூனிட்டில் போலி டிரெண்டைக் காட்டுவதா! அந்தப் பக்கமே போகாதீர்கள். போலி என்று நினைத்து உண்மையை விடுவான், உண்மை என்று நினைத்து வால்வைத் திருப்புவான். சிமுலேட்டரோடு நிற்கட்டும்.

#15 பிராங்க்ஃபர்ட்_தமிழன்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. எங்களுக்குப் பெட்டி நிற்கும், உங்களுக்கு நீராவி நிற்காது.

#16 காற்றாடி

இமைத்தல் எண்ணிக்கை பற்றி யாரும் பேசவில்லையே? மனம் அலையும்போது அதிகம் இமைப்போம் என்று படித்திருக்கிறேன்.

#17 விழித்திரை

ஆமாம், ஸ்மைலெக் குழு 2010இல் வெளியிட்டது. வாசித்துக்கொண்டிருப்பவர்களை இடையிடையே நிறுத்தி ‘இப்போது மனம் எங்கே இருந்தது’ என்று கேட்டார்கள். வேறு எங்கோ இருந்தது என்று சொன்ன தருணங்களுக்கு முன் இமைப்பு அதிகம். வெளியுலகைக் கொஞ்சம் மூடி வைக்கிறோம் என்பது அவர்கள் விளக்கம், எனக்குப் பிடித்த விளக்கமும்கூட. ஒரே வேலையில் நேரம் ஏற ஏற இமைப்பு கூடுவதையும் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் கண்ட்ரோல் ரூமில் ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தாலும் இமைப்பு கூடும். கான்டாக்ட் லென்ஸ், கண் வறட்சி, பக்கத்து ஆளோடு பேச்சு, எல்லாமே கூட்டும். ஆளுக்கு ஆள் வித்தியாசமோ கேட்கவே வேண்டாம். அவரவரின் வழக்கமான அளவோடு அவரவரை ஒப்பிட்டால் கொஞ்சம் அர்த்தம் இருக்கும். எல்லாருக்கும் 60 என்ற ஒரே கோடு போட்டால் இல்லை.

#18 மட்டுறுத்துநர்

சங்கம், நிர்வாகம், கட்சி என்று போன ஐந்து பின்னூட்டங்களை ‘பொது’ பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கண்ணைப் பற்றி மட்டும் பேசுவோம்.

#19 பிக்சல்பித்தன்

கார்களுக்கு வந்த ஐரோப்பியச் சட்டம் இங்கே உதவும். தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் அமைப்பு 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கு, 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். பார்வை சாலையை விட்டு விலகுவதை எச்சரிக்கும் அமைப்பு அதிலிருந்து தனி, அதற்குத் தேதியும் தனி: புதிய மாடல்களுக்கு 2024, எல்லாவற்றுக்கும் 2026 ஜூலை. இரண்டையும் கலந்து ஒரே மதிப்பெண்ணாக்கச் சொல்லவில்லை. ‘கண் சாலையில், மனம் வீட்டில்’ என்ற மூன்றாவது நிலைக்கு அந்தச் சட்டத்தில் கருவியே கேட்கவில்லை.

@சி_ஷிப்ட், கேமராக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நொடிக்கு எத்தனை படம்? மதிப்பெண்ணுக்குள் என்னென்ன அளவுகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை? கண்ணாடி போட்டவர்களிடம் தனியாகச் சோதித்தார்களா?

#20 சி_ஷிப்ட்

கேட்டேன். 30 படம். உள்ளே இருப்பது இமை மூடல், தலை சாய்வு, பார்வை திரைக்குள் இருந்த நேரம், அவ்வளவுதான். எடைகளைச் சொல்ல முடியாதாம், ‘ஏஐ முடிவு செய்யும்’ என்றார்கள். கண்ணாடி பற்றி எழுதி அனுப்புகிறோம் என்றார்கள்.

#21 விழித்திரை

அப்படியென்றால் நல்ல தூக்கக் கருவி ஒன்றை வாங்குகிறீர்கள், மேலே தப்பான பலகை மாட்டியிருக்கிறார்கள்.

அதே கேமராவிலிருந்து உருப்படியாக ஒன்று எடுக்கலாம் என்று தோன்றுகிறது. பார்வை எங்கெங்கே போகவில்லை என்ற வரைபடம். நேரம் ஆக ஆகப் பலருக்குப் பார்வை நடுத்திரையில் குவிந்து, ஓரத் திரைகளுக்குப் போவது குறையும். ‘மில் டெம்பரேச்சர் (நிலக்கரி அரைக்கும் இயந்திரத்தின் வெப்பநிலை) பக்கத்துக்கு 25 நிமிடமாக யாருமே திரும்பவில்லை’ என்று ஆபரேட்டருக்கே, அவர் திரையிலேயே, சத்தமில்லாமல் காட்டினால் போதும். இது ஆளுக்குப் போடும் மதிப்பெண் அல்ல, திரை பற்றிய தகவல். முன்னே சொன்ன சாட்சியத்தில் செல்லுபடியாகும் பக்கம் இதுதான்.

#22 சி_ஷிப்ட்

இது பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். அலாரம் பேனல் ஓரத்தில் இருந்தாலும் சிவப்பு மின்னினால் ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும். அதை நேராகப் பார்க்கத் தேவையில்லை. ‘பார்க்கவில்லை’ என்று அதற்கும் கணக்குப் போடக் கூடாது.

#23 விழித்திரை

சரியான திருத்தம். மின்னுபவற்றை விட்டுவிட்டு, மெதுவாக நகரும் கோடுகளுக்கு மட்டும் வையுங்கள். ஓரக்கண் சட்டென்ற மாற்றத்தைப் பிடிக்கும், மெல்ல ஏறும் கோட்டைப் பிடிக்காது.

#24 லோகோக்காரன்

எல்லாம் சரி, அளந்த பிறகு என்ன செய்வது? கவனம் குறைந்தது என்று தெரிந்தால் கவனம் வந்துவிடுமா?

#25 விழித்திரை

இந்தக் கேள்விக்கும் மேக்வொர்த்திடம் பதில் இருக்கிறது. அவர் நாலைந்து வழிகளைச் சோதித்தார். பாதியில் தொலைபேசியில் கூப்பிட்டு ‘இன்னும் நன்றாகச் செய்’ என்று சொன்னதும் கவனம் மீண்டது, பிறகு மறுபடியும் சரிந்தது. பிடித்ததையும் விட்டதையும் உடனுக்குடன் சொன்னது உதவியது. பென்செட்ரின் என்ற ஊக்க மாத்திரை கொடுத்தபோது சரிவே தெரியவில்லை, போர்க்காலம், கொடுத்துவிட்டார்கள். அரை மணி பார்த்து அரை மணி ஓய்வு என்று மாற்றியதிலும் சரிவு வரவில்லை. கண்ணைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தே எடுக்கக்கூடிய முடிவு அது.

சும்மா உட்கார்ந்து பார்ப்பது லேசான வேலை, சலிப்பினால்தான் கவனம் போகிறது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு தகவல். வார்ம், பரசுராமன், மேத்யூஸ் மூவரும் 2008இல் இதற்கு எதிராகவே எழுதினார்கள். கண்காணிப்பு கடினமான மூளை உழைப்பு, மன அழுத்தம் தருவது என்பது அவர்கள் வாதம். சலிப்புக் கட்சிக்காரர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் உழைப்புக் கட்சி.

#26 மேற்பார்வை55

அரை மணிக்கு ஒரு தரம் பாய்லர் டெஸ்கையும் டர்பைன் டெஸ்கையும் மாற்றிக்கொள்ளச் சொல்லலாமே. கூடுதல் ஆள் தேவையில்லை.

#27 பிராங்க்ஃபர்ட்_தமிழன்

ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போவது ஓய்வு ஆகாது ஐயா. எங்களுக்கு அந்த 10 நிமிடத்தில் இன்னொரு எக்ஸ்ரே இயந்திரத்தில் உட்கார அனுமதி இல்லை.

#28 சி_ஷிப்ட்

இரண்டு டெஸ்கிலும் உட்கார ஆத்தரைசேஷன் உள்ளவர்கள் எங்கள் ஷிப்டில் குறைவு, அதனால் அந்த மாற்றம் எப்படியும் நடக்காது. ஆனால் லோக்கல் ஆபரேட்டரோடு (இயந்திரங்களின் பக்கத்தில் வேலை பார்ப்பவர்) ஜீரோ மீட்டர், அதாவது தரைத்தள, ரவுண்டுக்குப் போய்வருவதை டெஸ்க் ஆட்களுக்கும் முறை வைத்துப் பிரிக்கலாம். மில் பக்கம் ஒரு சுற்று, ஃபீட் பம்ப் பக்கம் ஒரு சுற்று. நடந்த மாதிரியும் ஆகும், பேரிங்கைக் காதால் கேட்ட மாதிரியும் ஆகும். அந்த நேரத்துக்கு டெஸ்கில் உட்கார ஓர் ஆள் கூடுதலாக வேண்டும் என்றுதான் வாதாட வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் கேட்கப்போவது இவை. கேமரா தூக்கத்துக்கு மட்டும் மணி அடிக்கட்டும், மணி முதலில் ஆபரேட்டருக்கு அடிக்கட்டும். மதிப்பெண்ணை எடுத்துவிட்டுத் திரை வரைபடம் தரட்டும். பதிவு வருடாந்திர அப்ரைசலுக்குப் போகக் கூடாது. ரவுண்டு முறையைச் சோதனை ஓட்டத்தோடு சேர்த்தே தொடங்க வேண்டும்.

#29 பிக்சல்பித்தன்

பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வீடியோவா வெறும் எண்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெர்க்ளோஸ் கணக்குக்கு முகப் படத்தைச் சேமிக்க வேண்டிய அவசியமே இல்லை. கேமராவுக்குள்ளேயே கணக்குப் போட்டு எண்ணை மட்டும் வெளியே அனுப்பலாம்.

#30 சி_ஷிப்ட்

சேர்த்துக்கொண்டேன். கண்ணாடி பற்றி அவர்களிடமிருந்து பதில் வந்ததும் இங்கே போடுகிறேன், எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்கள்.